குடியாத்தம் மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைக்காததற்கு ஐ.நா. ஒப்பந்தமா காரணம்?

குடியாத்தத்தில் புற்றுநோய் வலியால் வாடும் தந்தைக்கு எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை, உலக ஒப்பந்தம்தான் தடுக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம், வலி தணிக்க மார்ஃபின் போன்ற மருந்துகள் இன்றியமையாதவை என்றும் அவை போதிய அளவில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் முகவுரையிலேயே கூறுகிறது. ஆனால், ஒவ்வொரு நாடும் தன் ஆண்டுத் தேவையை முன்கூட்டியே மதிப்பிட்டு வியன்னாவிலுள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வலிக்கு மருந்து எழுதும் பழக்கமே குறைந்த நாட்டில் அந்த மதிப்பீடும், அதனால் கிடைக்கும் மருந்தும் குறைவாகவே இருக்கும்.

இந்தியாவில் முட்டுக்கட்டையாக நின்றது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.). மார்ஃபின் எடுக்கப்படும் அபினை மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சட்டப்படியே பயிரிடும் நாட்டில், மார்ஃபினை வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது; தண்டனைக்கு அஞ்சி ஒதுங்கியவர்களும் உண்டு (அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை). அச்சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை நாடு முழுமைக்கும் ஒரே விதியின்கீழ்க் கொண்டுவந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் பல உரிமங்கள் தேவையில்லை.

ஆகவே கடைகடையாக ஏறி இறங்காமல், வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனையின் நோய்த்தணிப்புப் பிரிவை (வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை தரும் பிரிவு) அணுகுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும் என்பதால், வலி ஏறும்வரை காத்திராமல் மருத்துவர் குறித்த நேரத்தில் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், மலமிளக்கியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.