கடைசி மூன்று கிலோமீட்டர்: டூர் டி பிரான்ஸ் ஸ்பிரிண்ட் பற்றிக் கேள்வி பதில்

டூர் டி பிரான்ஸ் மூன்று வார சைக்கிள் பந்தயம், ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். அதில் சமதளக் கட்டங்களின் முடிவில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாயும் ஸ்பிரிண்ட் பற்றி மட்டும் இன்று பேசலாம். மலையேற்றம், பட்டம் போகச்சாருக்கா விங்கேகோருக்கா, எந்த சைக்கிள் வாங்குவது ஆகியவற்றை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

முதலிலேயே ஒரு வேண்டுகோள். யார் யாரை இடித்தார் என்று கேட்பவர்கள், மேலிருந்து எடுத்த ஹெலிகாப்டர் காட்சியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் கேமரா தூரத்தைச் சுருக்கிக் காட்டும். இரண்டு மீட்டர் முன்னும் பின்னுமாக வருபவர்கள்கூட அதில் தோளோடு தோள் உரசுவதுபோலத் தெரிவார்கள்.

புதுவாசகன்: 190 கிலோமீட்டர் சும்மா உருட்டிக்கொண்டு வந்து கடைசி 200 மீட்டர் மட்டும் வேகமாகப் போவதில் என்ன இருக்கிறது? ஒருவர் ஜெயிக்க ஏன் எட்டுப் பேர் உழைக்க வேண்டும்?

நல்ல கேள்வி. எல்லாமே காற்றுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உடலின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், பல சமயம் அதற்கும் மேலே. ஸ்பிரிண்டரால் முழு பலத்தை சில நொடிகள்தான் காட்ட முடியும். அதுவரை அவரைக் காற்று படாமல் கொண்டுவந்து சேர்ப்பது அணியின் வேலை.

அந்த வேலை காலையிலேயே தொடங்கிவிடும். நாலைந்து பேர் முன்னால் தப்பிப் போவார்கள். அவர்களைப் போகவிட்டு, இடைவெளி இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாதபடி ஒரே ஆள் மணிக்கணக்கில் கூட்டத்தின் தலையில் இழுத்துக்கொண்டே வருவார். சீக்கிரம் பிடித்துவிட்டால் புதிதாக வேறு யாராவது பாய்ந்து தப்பிப் போவார்கள், தாமதித்தால் தப்பியவர்களே ஜெயித்துவிடுவார்கள். கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் பிடிப்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு இடத்துக்கான சண்டை. கடைசியில் ஒவ்வொருவரும் சில நூறு மீட்டர் உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு ஒதுங்குவார்கள். கடைசி ஆள், லீட்-அவுட் செய்பவர், சுமார் 200 மீட்டரில் தன் ஸ்பிரிண்டரை விடுவிப்பார்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமா? டூர் முடியும் பாரிஸ் கட்டத்தில் 2009இல் நடந்ததைத் தேடிப் பாருங்கள். மார்க் ரென்ஷா கடைசி வளைவைத் தாண்டி ஷான்ஸ்-எலிசே சாலைக்குள் மார்க் கேவண்டிஷைக் கொண்டுவந்த வேகத்தில், பின்னால் இருந்தவர்கள் ஒருவர்கூட ஒட்ட முடியவில்லை. கேவண்டிஷ் முதலிடம், இழுத்துவிட்ட ரென்ஷாவே இரண்டாமிடம். ஒரு லீட்-அவுட் அவ்வளவு சுத்தமாக அமைவது அபூர்வம்.

மூன்றாம்கியர்: எத்தனை மீட்டரில் பாய வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டா?

காற்றைப் பொறுத்தது. எதிர்காற்று என்றால் 150 மீட்டர் வரைகூடக் காத்திருக்கலாம், முதலில் பாய்கிறவர் மற்றவர்களுக்குக் குடை பிடித்ததுபோல ஆகிவிடும். பின்காற்று என்றால் 250 மீட்டரில் கிளம்பியவரைப் பிடிப்பது கஷ்டம். பக்கக்காற்று இன்னும் சுவாரசியமானது. காற்று இடப்பக்கமிருந்து அடித்தால், முன்னால் போகிறவர் வலப்பக்கத் தடுப்பை ஒட்டியே போவார். பின்னால் வருபவருக்கு ஒதுங்க மறைவே கிடைக்காது, தாண்டுவதென்றால் காற்று அடிக்கும் பக்கமாகத்தான் வர வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது கோட்டருகே இருக்கும் கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று கவனியுங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

ஜூலைரசிகன்: எல்லாக் காலத்திலும் சிறந்த ஸ்பிரிண்டர் யார்?

கேவண்டிஷ். 2024 ஜூலை 3 அன்று சான்-வுல்பாஸில் 35ஆவது டூர் கட்டத்தை வென்று, எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டினார்.

பச்சைச்சட்டை: 2020 போலந்து சுற்றுப்போட்டி, கடோவிட்சே. ஃபாபியோ யாகோப்சனைத் தடுப்பில் மோதவைத்த டிலன் குருனவேகனுக்கு ஒன்பது மாதத் தடைதானா? வாழ்நாள் தடை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

டூர் இல்லையென்றாலும் இதற்குப் பதில் சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய ஸ்பிரிண்டைப் புரிந்துகொள்ள முடியாது.

குருனவேகன் தன் பாதையை விட்டு வலப்பக்கம் நகர்ந்தார், யாகோப்சனுக்கு இருந்த இடத்தை மூடினார். ஸ்பிரிண்ட் தொடங்கியபின் தேர்ந்தெடுத்த பாதையை விட்டு விலகி மற்றவருக்கு ஆபத்து உண்டாக்கக் கூடாது என்பது விதி. அதை அவர் மீறினார், ஹெலிகாப்டர் காட்சியிலும் அது சந்தேகமில்லாமல் தெரிகிறது. தடை நியாயமானது.

ஆனால் அந்தச் சாலையையும் பாருங்கள். கோடு வரை இறக்கம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில். அந்த முடிவிடம் ஆபத்து என்று வீரர்கள் அதற்கு முன்பே சொல்லிவந்தார்கள். மோதியதும் தடுப்புகள் தனித்தனியாகக் கழன்று பறந்தன. தடுப்பின் வேலை விழுகிறவரைச் சாலைக்குள்ளேயே வைத்திருப்பது. அது நடக்கவில்லை. யாகோப்சன் மருத்துவர்களால் தூண்டப்பட்ட கோமாவில் வைக்கப்பட்டார், முகத்துக்குப் பல அறுவை சிகிச்சைகள்.

ஒருவரை வாழ்நாள் முழுக்கத் தடைசெய்துவிட்டால், இறக்கத்தில் கோட்டைப் போட்டவர்கள் தப்பித்துவிடுவார்கள். என் கோபம் அங்கேதான்.

தொலைக்காட்சிமுன்: பச்சைச்சட்டைக்கு நீங்கள் சொன்ன பதில் ஏற்க முடியாதது. தள்ளாமல் இருந்திருந்தால் தடுப்பு எப்படி இருந்தால் என்ன?

தள்ளுதல் என்றாவது ஒருநாள் நடந்தே தீரும். 70 கிலோமீட்டர் வேகத்தில், நான்கைந்து மணி நேரம் மிதித்த களைப்போடு, முப்பது பேர் ஒரே இடத்துக்குப் பாய்கிறார்கள். யாருமே தப்பு செய்யாவிட்டாலும் விபத்து வரும். 1994 டூர், ஆர்மான்டியேர்: சாலையோரம் காவலுக்கு நின்ற காவலர் புகைப்படம் எடுக்க முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்து பாய்ந்துகொண்டிருந்த நெலிசன் என்ற ஸ்பிரிண்டர் அவர்மீது மோதினார், லோரான் ஜலபேரும் பலமாக விழுந்தார். 1991 பாரிஸில் விழுந்த ஸ்பிரிண்டர் அப்துஜாபரோவ் வேறு யார்மீதும் மோதவில்லை, ஓரத்துத் தடுப்பில்தான் சக்கரம் பட்டது. சாலைக்குள் கால் நீட்டிய தடுப்புகள் ஆபத்து என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஒன்றோடொன்று பூட்டிய, கால் நீட்டாத தடுப்புகள் பரவலாகப் பேசப்பட்டதே கடோவிட்சேக்குப் பிறகுதான். முப்பது ஆண்டு தாமதம்.

பச்சைச்சட்டை: அப்படியானால் நீங்கள் குருனவேகன் பக்கமா?

இல்லை. அவர் செய்தது தவறு என்று மேலே எழுதியிருக்கிறேன், அதிலிருந்து பின்வாங்கவில்லை. அவருக்கு மட்டும் தண்டனை போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாகோப்சன் 2021 ஏப்ரலில் பந்தயத்துக்குத் திரும்பினார், அதே ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் மூன்று கட்டங்களையும், புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியையும் வென்றார். 2022 ஜூலை 2, டென்மார்க்கின் நைபோர்க், டூரில் தன் முதல் வெற்றி. மறுநாள் சோண்டர்போர்க்கில் ஜெயித்தவர் குருனவேகன். அந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் யாரையும் வாழ்நாள் தடை செய்யச் சொல்ல மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

புதுவாசகன்: மூன்று கிலோமீட்டர் விதி என்றால் என்ன?

சமதளக் கட்டத்தில், கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ டயர் பஞ்சரானாலோ, அப்போது எந்தக் குழுவோடு இருந்தாரோ அந்தக் குழுவின் நேரமே அவருக்குக் கிடைக்கும். சமீப ஆண்டுகளில் சில கட்டங்களில் இதை ஐந்து கிலோமீட்டர் வரை நீட்டுகிறார்கள். மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சிக்குப் போட்டியிடுகிறவர்கள் அந்த எல்லையைத் தொட்டதும் ஒதுங்கி, ஸ்பிரிண்டர்களுக்கு இடம் விடட்டும் என்பதுதான் நோக்கம். எல்லாக் கட்டத்திலும் ஐந்தாக்க வேண்டும் என்பேன்.

அரைமில்லி: இதுவரை மிகக் குறைந்த வித்தியாசம் எவ்வளவு?

2017, நுயி-சான்-ஜார்ஜ். மார்செல் கிட்டலும் எட்வால்ட் போவசன் ஹாகனும். வித்தியாசம் 6 மில்லிமீட்டர், நேரத்தில் 0.0003 நொடி! முன்சக்கர டயரின் முன்விளிம்பு கோட்டைத் தொடுவதுதான் கணக்கு. அதனால்தான் கடைசி நொடியில் கைகளை நீட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, சைக்கிளை முன்னால் எறிகிறார்கள். கால் பலம் சமமாக இருந்தால் அந்த எறிதலின் நேரம்தான் வெற்றியைத் தீர்மானிக்கும். கிட்டலுக்கே சில நிமிடம் தெரியவில்லை.

வளைவு: மலைக் கட்டங்களில் ஸ்பிரிண்டர்கள் என்ன செய்கிறார்கள்?

உயிர் பிழைக்கிறார்கள். ஜெயித்தவரின் நேரத்தோடு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி வரம்பு வைப்பார்கள், அதைத் தாண்டி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எடை கூடியவர்கள் எல்லோரும் பின்னால் ஒரு குழுவாகச் சேர்ந்து கணக்குப் போட்டு ஏறுவார்கள். 2022இல் பெராகூட் மலைக் கட்டத்தில் யாகோப்சன் சில நொடி மிச்சத்தில் தப்பித்தார், கோட்டருகே அணித் தோழர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். முதல் வாரத்தில் ஜெயித்தவர் மூன்றாம் வாரத்திலும் ஸ்பிரிண்ட் அடிக்க வேண்டுமானால் இதையெல்லாம் தாங்க வேண்டும்.

மலையேறி: சிறந்த ஸ்பிரிண்டர் யார்? சிப்போலினி இல்லையா?

கேவண்டிஷ் என்று மேலே சொல்லியாயிற்று. சிப்போலினி 1999இல் தொடர்ந்து நான்கு கட்டங்கள் வென்றார், ஆனால் ஒரு டூரைக்கூட முடிக்கவில்லை. வளைவின் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஒருவழிப்பாதை: 2017 விட்டெலில் பீட்டர் சாகன் முழங்கையால் கேவண்டிஷை இடித்தது தெளிவாகத் தெரிகிறதே?

எந்தக் கேமராவில்? முன்னால் இருந்து எடுத்ததில். மேலிருந்து பாருங்கள், கேவண்டிஷ் சாய்ந்து விழத் தொடங்கிய பிறகே சாகனின் முழங்கை வெளியே வருவதாக எனக்குத் தெரிகிறது. சாகனைப் போட்டியிலிருந்தே வெளியேற்றினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அது வேண்டுமென்றே செய்யாத துரதிர்ஷ்டவசமான சம்பவம் என்று சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பும் ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்தது. அதற்குள் டூர் போய்விட்டது. சாகன் தன் பாதையை விட்டு நகர்ந்தது உண்மை, அதற்குக் கடைசி இடத்துக்குத் தள்ளியிருந்தால் போதும்.

தொலைக்காட்சிமுன்: குருனவேகனும் அப்படித்தான் என்கிறீர்களா?

இல்லை. ஹெலிகாப்டர் காட்சி இரண்டுக்கும் உண்டு, பாருங்கள். இது பற்றி இனி பதில் இல்லை.

எண்கணக்கு: பச்சை ஜெர்சிக்குப் புள்ளிகள் எப்படி?

சமதளக் கட்ட வெற்றிக்கு 50, இரண்டாமிடத்துக்கு 30, மூன்றாமிடத்துக்கு 20, அப்படியே இறங்கும். இடைவழி ஸ்பிரிண்டும் உண்டு. அதிகம் வென்றவர் சாகன், ஏழு முறை. 2024இல் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் மூன்று கட்டங்களோடு அதை வென்றதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டாம்சக்கரம்: ஸ்பிரிண்டுக்கு நல்ல சைக்கிள் எது?

இங்கே இல்லை. முதல் பத்தியைப் பாருங்கள்.

மிதிவண்டிக்காரி: பெண்கள் போட்டியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லையே. லொரேனா வீபஸ்?

கேட்டதற்கு நன்றி. 2022இல் பெண்கள் டூர் மறுபடி தொடங்கியபோது, ஷான்ஸ்-எலிசேயில் நடந்த முதல் கட்டத்தை வென்றவர் அவர்தான். 2025இலும் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். அவரிடம் பார்க்க வேண்டியது பொறுமை. இழுத்துவிட ஆள் இல்லாவிட்டாலும் அடுத்தவர் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்துக் காத்திருப்பார், பாய்ந்த முதல் சில மிதியிலேயே இடைவெளி விழுந்துவிடும்.

ஜூலைரசிகன்: 2025இல் பாரிஸ் கட்டத்தில் மொன்மார்த்ர் ஏற்றத்தைச் சேர்த்துவிட்டார்களே. ஸ்பிரிண்டர்களின் கதை முடிந்ததா?

அந்த நாள் அருமையான பந்தயம். மழையில் வவுட் வான் ஆர்ட் கடைசி ஏற்றத்தில் போகச்சாரையே கழற்றிவிட்டுத் தனியாக வந்தார், மறுக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று வாரம் மலைகளில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிற ஸ்பிரிண்டர்களுக்கு ஷான்ஸ்-எலிசேதான் இலக்கு. அதை எடுத்துவிட்டால், கடைசி மலை வரை தாக்குப்பிடிக்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கும்? ஏற்றத்தை முந்தின நாளுக்கு வையுங்கள், பாரிஸை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.