இதழியலில் இளங்கலைப் பட்டம் பெற என்னென்ன வேண்டும்? கேள்வி பதில்

இதழியல் துறையில் பாடம் நடத்தியதோடு, மாணவர்கள் பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டார்களா என்று சரிபார்க்கும் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில், பட்டத்தேவைகள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்தக் கல்லூரி சிறந்தது, சம்பளம் எவ்வளவு கிடைக்கும் என்பவற்றை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

கேள்வி: ஐயா, பட்டம் பெற மொத்தம் எத்தனை கிரெடிட் வேண்டும்? அதில் இதழியல் பாடங்கள் எவ்வளவு?

பதில்: கிரெடிட் என்பது படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு. அதன் எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க முறையில் நான்கு ஆண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 என்று கணக்கிடுவதால், மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180, நான்காண்டுப் பட்டத்துக்கு 240. அங்கே ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். அமெரிக்கக் கிரெடிட்டின் அளவு வேறு. ஆகவே 180 என்பதை 120-உடன் ஒப்பிட்டு, அங்கே படிப்பு கடினம் என்று முடிவு கட்டுவது பொருளற்றது.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. இதழியல் பட்டத்தில் பெரும்பகுதி இதழியலாகவே இருக்கும் என்று நினைத்துச் சேருகிறவர்கள் அதிகம். அமெரிக்காவின் இதழியல் கல்வி அங்கீகாரக் குழு, குறைந்தது 72 கிரெடிட்டாவது இதழியலுக்கு வெளியே படிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்தது. யுனெஸ்கோ 2007-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் தொழில்திறன், சமூகத்திலும் சட்டத்திலும் இதழியலின் இடம், உலகறிவு என்ற மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. அரசியல், பொருளாதாரம், வரலாறு, அறிவியல், ஒரு வேற்றுமொழி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பாடங்களை, எளிதாக இருக்கிறதே என்று கண்டபடி பொறுக்கி எடுக்காமல், பிற்பாடு எந்தத் துறைச் செய்திகளை எழுத விரும்புகிறீர்களோ அதை ஒட்டியே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கட்டாயப் பாடங்கள் எவை? வரிசை மாற்றிப் படிக்கலாமா?

பதில்: செய்தி சேகரித்தல், செய்தி எழுதுதல், பிரதி திருத்தம், ஊடகச் சட்டம், ஊடக நெறிமுறை, ஒளிப்படம் அல்லது காணொளி, கடைசியில் ஒரு திட்டப்பணி: பெயர்கள் மாறினாலும் இவை எங்கும் இருக்கும். வரிசையைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. அடிப்படைச் செய்தி எழுத்தில் தேறினால்தான் அடுத்த நிலைச் செய்தி சேகரிப்பு, அதில் தேறினால்தான் திட்டப்பணி. இவற்றில் ஏதேனும் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்தப்படுமானால், முதல் கண்ணியில் தவறுகிறவருக்கு ஒரு பருவம் அல்ல, முழு ஓராண்டே கைநழுவும். தொடக்க நிலைப் பாடம்தானே என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். ஒருவருடைய பெயரைத் தவறாக எழுதினால் அந்தக் கட்டுரைக்கே தோல்வி மதிப்பெண் தரும் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தில்தான் இருப்பார்கள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேட்டைப் படியுங்கள். மூத்த மாணவர் வைத்திருக்கும் கையேடு அவருடைய பட்டத்துக்குரியது.

கேள்வி: கடந்த விடுமுறையில் ஒரு செய்தித் தளத்தில் வேலை பார்த்தேன். அதை இன்டர்ன்ஷிப் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் முடியாது. வேலை தொடங்கும் முன்பே துறையில் பதிவு செய்து, மேற்பார்வையாளர் யார், எத்தனை மணி நேரம், என்ன பணி என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். முதலில் பதிவு, பிறகு வேலை.

கேள்வி: கணக்குக்குப் பயந்துதான் இதழியலுக்கு வந்தேன். இங்கேயும் புள்ளியியலைக் கட்டாயம் என்கிறார்கள். எழுதப் போகிறவனுக்கு இது எதற்கு?

பதில்: வேலையின்மை விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்ந்தது என்று ஓர் அறிக்கை வருகிறது. நீங்கள் "வேலையின்மை 2 சதவீதம் உயர்வு" என்று தலைப்பிடுகிறீர்கள். அது பிழை. உயர்ந்தது 2 சதவீதப் புள்ளி. முந்தைய 4-ஐ அடிப்படையாகக் கொண்டால் உயர்வு 50 சதவீதம். அரசுத் தரப்பு 2 என்று சொல்லும், எதிர்த்தரப்பு 50 என்று சொல்லும், இருவரும் ஒரே அறிக்கையைத்தான் கையில் வைத்திருப்பார்கள். இந்த வேறுபாடு தெரியாத செய்தியாளர், கடைசியாகத் தொலைபேசியில் பேசியவர் சொன்ன எண்ணை எழுதிவிடுவார். புள்ளியியல் பாடம் கேட்பது இந்த அளவு கணக்கைத்தான்.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. பிழை இருந்தால் பத்திரிகையின் உதவி ஆசிரியர்கள் திருத்துவார்கள், கணக்குப் போட இப்போது செயலிகளும் இருக்கின்றன. அதற்காக ஒரு பருவத்தை வீணாக்க வேண்டுமா?

பதில்: உதவி ஆசிரியரின் மேசைக்கு வருவது உங்கள் பிரதிதான், மூல அறிக்கை அல்ல. நீங்கள் 4-ஐயும் 6-ஐயும் எழுதாமல் 2 சதவீதம் என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் எதை வைத்துத் திருத்துவார்? செயலி வகுத்துத் தரும். எதை எதனால் வகுக்க வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

கேள்வி: விளையாட்டுச் செய்தி எழுதப் போகிறவருக்குமா?

பதில்: சராசரி இல்லாத விளையாட்டுப் பக்கத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

கேள்வி: நானும் எதிர்த்தரப்புதான், ஐயா. இதழியல் அல்லாத வெளிப்பாடங்கள் படிப்பை நீட்டி இழுக்கத்தான் உதவுகின்றன. அந்தக் காலத்தைச் செய்தி அறையில் கழித்தால் கூடுதலாகக் கற்கலாமே?

பதில்: இந்த வழக்குக்கு நூறு வயது கடந்துவிட்டது. உங்கள் கட்சிக்கு வலுவான சான்று அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம். 1908-இல் அங்கே வால்டர் வில்லியம்ஸ் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் உண்மையான நாளிதழ் ஒன்றை வெளியிட்டார்கள். செய்து கற்பதே கல்வி என்பது அவர்களுடைய வழி, அதன் பலனை நான் மறுக்கவில்லை.

மறுபக்கத்தில் ஜோசப் புலிட்சர் இருக்கிறார். செய்தித்தாள் நடத்தியே செல்வந்தரான அவர், 1904-இல் இதழியல் கல்லூரி வேண்டும் என்று வாதிட்டு எழுதிய நீண்ட கட்டுரையில், சட்டம், வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றோடு புள்ளியியலையும் பாடமாகக் கேட்டார். அவர் அளித்த கொடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912-இல் இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. செய்தி அறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் சிலரே, அவரே அது மட்டும் போதாது என்றார். என் தீர்ப்பும் அதுதான். செய்தி எழுதும் முறையை வேலையில் சேர்ந்த பிறகும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், பொருளாதாரத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க அங்கே எவருக்கும் நேரம் இருக்காது.

வெளிப்பாடங்களைக் கல்லூரிகள் மோசமாகத் தேர்ந்து கொடுக்கின்றன என்று நீங்கள் வாதிட்டிருந்தால் பாதி ஒப்புக்கொண்டிருப்பேன். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: முடித்துவிட்ட இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு விண்ணப்பித்துக் கிரெடிட் வாங்கலாமா?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: சுருக்கெழுத்து கட்டாயமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் இல்லை. பிரிட்டனில் செய்தியாளர் பயிற்சிக்கான தேசியக் குழுவின் தேர்வுகளில் அது இன்றும் இருக்கிறது, நிமிடத்துக்கு 100 சொற்கள் என்பது அங்கே வழக்கமான இலக்கு.

கேள்வி: எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றிருக்கிறேன், ஆனாலும் துறையில் "தகுதி இல்லை" என்கிறார்கள். எப்படி?

பதில்: தேர்ச்சி வேறு, பட்டத்துக்குக் கணக்கில் வருவது வேறு. மொத்தச் சராசரியுடன் முதன்மைப் பாடங்களுக்கென்று தனிச் சராசரியையும் பல துறைகள் பார்க்கின்றன. பொதுப் பாடத்தில் செல்லுபடியாகும் டி தரம், செய்தி எழுத்துப் பாடத்தில் செல்லாது, சி வேண்டும் என்ற விதி பரவலாக இருக்கிறது. உங்கள் தரச் சான்றில் முதலில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறேன். பழைய கிரெடிட்களை ஏற்பார்களா?

பதில்: பொதுப் பாடங்களை ஏற்பதில் சிக்கல் குறைவு. எழுத்து, செய்தி சேகரிப்புப் பாடங்களைப் பாடத்திட்டத்தையும் நீங்கள் எழுதியவற்றையும் பார்த்த பிறகே ஏற்பார்கள், இரண்டையும் எடுத்து வையுங்கள். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறிப்பிட்ட அளவு கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கடைசி ஆண்டில் மாறுகிறவர்கள் சிக்கிக்கொள்வது அதில்தான்.

கேள்வி: என் மாமா நடத்தும் இதழில் இன்டர்ன்ஷிப் செய்தேன்...

பதில்: பதிவு செய்துவிட்டுச் செய்தீர்களா? இல்லையென்றால் மூன்றாம் முறையாக அதே பதில். பதிவு செய்திருந்தாலும் உறவினர் மேற்பார்வையாளராக இருப்பதைப் பல துறைகள் ஏற்பதில்லை.

கேள்வி: எல்லாம் முடித்துவிட்டால் பட்டம் தானாக வந்துவிடுமா?

பதில்: பல பல்கலைக்கழகங்களில் வராது. பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கடைசித் தேதி இறுதிப் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடக்கூடும். இறுதி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு முடியும்போதே ஆலோசகருடன் உட்கார்ந்து கையேட்டையும் தரச் சான்றையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் நிற்கும். அப்போது தெரிந்தால் அதை ஈடுகட்ட உங்களுக்கு இன்னும் இரண்டு பருவங்கள் கையில் இருக்கும்.