வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசியும் கருத்தடையும்: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் பூனை மூன்றாவது மாடி வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. அதற்கும் தடுப்பூசி தேவையா? (சென்னை வாசகி)

பதில்: தேவை. பூனை இறங்காவிட்டாலும் நீங்கள் தினமும் இறங்கி ஏறுகிறீர்கள். பான்லூக்கோபீனியா என்னும் நோயின் வைரஸ், நோயுற்ற பூனையின் கழிவிலிருந்து செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். ஏற்ற சூழல் அமைந்தால் ஓராண்டு வரைகூட வீரியம் குறையாமல் இருக்கும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்கு இது மிக நெருங்கிய உறவு. குடலின் உட்சவ்வையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேரத் தாக்குவதால், ஒரு பக்கம் வாந்தியும் கழிச்சலும் உடலின் நீரை வற்றச் செய்ய, மறு பக்கம் வெள்ளையணுக்கள் சரிந்து எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போகிறது. இந்த நோய் கண்ட குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, தாகம் இருந்தும் குடிக்க முடியாமல், மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த பூனைக்கு ஊசி போட மறப்பதில்லை. வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து கிடையாது. நரம்பு வழியாக நீரேற்றி, வாந்தியை அடக்கி, வேறு கிருமிகள் புகாமல் காப்பதுதான் சிகிச்சை. அப்படியும் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. சளி, கண்பீளை, வாய்ப்புண் ஆகியவற்றை உண்டாக்கும் ஹெர்பிஸ், காலிசி வைரஸ்களுக்கும் இதே ஊசியில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த இரண்டையும் இது அறவே தடுக்காது. வந்தாலும் கடுமையைக் குறைக்கும்.

கேள்வி: இரண்டாம் மாதத்தில் ஊசி போட்டும் எங்கள் குட்டி இதே நோயில் இறந்துவிட்டது. ஊசியில் கோளாறா? (திருச்சி வாசகர்)

பதில்: ஊசியைவிட, அது ஒன்றோடு நின்றுபோனதே காரணமாக இருக்கக்கூடும். சீம்பால் வழியே தாயிடமிருந்து குட்டிக்கு வரும் எதிர்ப்புப் பொருள், நோயைத் தடுப்பதுபோலவே தடுப்பூசியையும் செயல்பட விடாமல் தடுத்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். பிறகு 6 மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் ஒன்று; அடுத்தவற்றின் இடைவெளியை உங்கள் மருத்துவர் சொல்வார். வெறிநோய்த் தடுப்பூசி இதில் சேராது. அதை 12 வாரத்தில் தனியாகப் போட்டு, ஓராண்டில் மறுபடியும் போட வேண்டும்.

இன்னொரு குட்டியை எடுக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு ஊசிகளை முடித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தரையைச் சோப்பு நீரால் கழுவிய பின், வீட்டு உபயோகப் பிளீச் திரவத்தை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பினாயில் வேண்டாம், அது பூனைக்கே நஞ்சு.

கேள்வி: ஒரு ஈத்து குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்தால்தான் பூனைக்கு ஆரோக்கியம் என்கிறார் மாமியார். உண்மையா? (மதுரை வாசகி)

பதில்: பெரியவர்கள் பலரும் நம்புவதுதான், ஆனால் உண்மை நேர்மாறானது. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 91 விழுக்காடு குறைந்திருந்தது. ஓராண்டைத் தாண்டிச் செய்யும்போது அந்தப் பலன் பெருமளவு கரைந்துவிடுகிறது. பூனையின் மடியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பான்மை புற்றுக்கட்டிகளே என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். தரையில் புரண்டு, பின்பகுதியை உயர்த்தி, குழந்தை அழுவதுபோல் இரவெல்லாம் கத்துவதைப் பார்த்து வயிற்றுவலி என்று தூக்கிக்கொண்டு வருவோர் உண்டு. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அது மறுபடியும் வரும். நம் ஊரில் பகல்பொழுது பெரிதாகச் சுருங்குவதில்லை என்பதால் ஆண்டு முழுவதுமே இந்தத் தொல்லை நீடிக்கலாம். சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். பருவம் வராத குட்டியின் கருப்பை விளக்குத்திரி அளவுக்கு மெலிதாக இருப்பதால் அறுவையும் எளிது, தையலும் சிறிது. எனவே ஐந்து மாதம் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

கேள்வி: அறுவைக்குப் பதிலாக மாத்திரை கொடுத்து நிறுத்தலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகள் கருப்பையில் சீழ் கோக்கவும், மடி வீங்கவும், சில பூனைகளுக்கு நீரிழிவு வரவும் காரணமாகின்றன. சீழ்க் கருப்பையோடு, காய்ச்சலில் கிடக்கும் பூனைக்கு அவசர அறுவை செய்வது, நலமான பூனைக்குச் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்தானது, செலவும் கூடுதல்.

கேள்வி: கடுவனுக்கும் அவசியமா? குட்டி போடப் போவது அது இல்லையே. (கோவை வாசகர்)

பதில்: உங்கள் வீட்டில் போடாது, அடுத்த தெருவில் போடவைக்கும். திரைச்சீலையில் மூத்திரம் பீய்ச்சுவதும், நாட்கணக்கில் காணாமல் போய்க் காதைக் கிழித்துக்கொண்டு திரும்புவதும் பெரும்பாலும் அடங்கும். சண்டையில் படும் கடிக்காயம் வழியாகத்தான் பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எஃப்ஐவி வைரஸ் முக்கியமாகப் பரவுகிறது. அது மனிதருக்குத் தொற்றாது. அறுவை முடிந்தும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கும் என்பதால், வீட்டில் பெண் பூனை இருந்தால் அதுவரை பிரித்து வையுங்கள்.

கேள்வி: ஊசி போட்ட பூனை என் மகனைக் கீறிவிட்டது. அவனுக்கும் ஊசி வேண்டுமா? (நெல்லை வாசகி)

பதில்: காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். பூனைக்கு ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழியில்லை. பூனையை 10 நாள் கண்காணியுங்கள். அது நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். பூனையின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கருத்தடை செய்தால் குண்டாகிவிடுமாமே? (சேலம் வாசகி)

பதில்: பசி கூடும், உடலுக்குத் தேவையான தீனி குறையும். அளவைக் கால்பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கத்துகிறதே என்று தட்டை நிரப்பாமல் இருந்தால் போதும்.