பலிபீடத்தை விட்டு இறங்கலாமா?

கேள்வி: நான் ஆண்ட்ரோமாக்கி. டிராய் நகரத்து ஹெக்டரின் மனைவி. என் கணவரை அக்கிலீஸ் கொன்றார். மகன் அஸ்டியானாக்ஸைக் கோட்டைச் சுவரிலிருந்து வீசிவிட்டார்கள். போர்ப் பங்கில் அக்கிலீஸின் மகன் நியோப்டோலெமஸுக்கு என்னைக் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு பையனைப் பெற்றேன். அப்புறம் அவர் மெனலாஸின் மகள் ஹெர்மியோனியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்குக் குழந்தை இல்லை. நான்தான் மருந்து வைத்துவிட்டேன் என்கிறாள். வீட்டுக்காரர் டெல்ஃபிக்குப் போயிருக்கிறார். நான் அக்கிலீஸின் தாயான தெடிஸ் தேவியின் கோயில் பலிபீடத்தில் அடைக்கலமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒளித்துவைத்திருந்த பையனை மெனலாஸ் கண்டுபிடித்து இழுத்து வந்துவிட்டார். நான் இறங்கி வந்து சாகச் சம்மதித்தால் பையனை விட்டுவிடுவாராம். இறங்கலாமா?

பதில்: இறங்காதீர்கள் அம்மா. காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் பிடியை விடாதீர்கள்.

ஹெக்டரைப் பற்றி, அஸ்டியானாக்ஸைப் பற்றி, கணவரைக் கொன்றவரின் மகனோடு வாழ நேர்ந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கனத்துப் போனது. ஆனால் அதில் எதுவும் இன்றைக்கு உங்களுக்கு உதவாது. மருந்து விஷயமும் அப்படித்தான். அவளால் நிரூபிக்க முடியாது, நீங்கள் மறுத்தாலும் அவள் நம்பப்போவதில்லை. விட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் மேலும் பையன் மேலும் அதிகாரம் யாருக்கு? போரில் பிடிபட்ட பெண், பங்கு பெற்றவரின் உடைமை. கொடுமையான வழக்கம். ஆனால் இந்த நிமிஷம் உங்கள் உயிரைக் காப்பாற்றக்கூடியதும் அதுதான். நியோப்டோலெமஸ் உயிரோடு இருக்கிறார். அவர் ஊரில் இல்லாதபோது அக்கிலீஸின் அப்பா, பெரியவர் பீலியஸ் இருக்கிறார். தாத்தா இருக்கும்வரை செங்கோலைத் தொட மாட்டேன் என்று பேரனே விட்டுவைத்திருக்கும் நாடு இது. மெனலாஸ் ஸ்பார்ட்டாவுக்கு ராஜாவாக இருக்கலாம், பீலியஸின் நாடான இந்த ஃப்தியாவில் அவர் வெறும் மாமனார். உறவுக்குள் உன்னது என்னது என்ற பேதம் கிடையாது என்று வாதாடுவார். விருந்து சாப்பாட்டுக்கு அது சரி. மருமகன் வீட்டு ஆளைக் கொல்வதற்கு அது சரியாகாது.

இனி அவர் தரும் வாக்குறுதிக்கு வருவோம். அவருடைய சொற்களைத் திரும்ப ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பையனை விடுகிறேன் என்பது மெனலாஸ். ஹெர்மியோனி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் இறங்கிய மறுநொடி, “உன்னைப் பற்றிய முடிவு என்னுடையது, பையனைப் பற்றிய முடிவு என் மகளுடையது” என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? சொன்ன சொல்லை மீறியதாகக்கூட அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருவர் வாக்குக் கொடுத்து, இன்னொருவர் கையில் கத்தி இருக்கும் ஏற்பாட்டில் என் கட்சிக்காரர் யாரையும் நான் கையெழுத்துப் போட விட்டதில்லை.

ஏதென்ஸில் சைலோன் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றபோது, அவனுடைய ஆட்கள் அக்ரோபோலிஸ் என்ற கோட்டைக் குன்றில் அடைக்கலம் புகுந்தார்கள். ஒரு தீங்கும் செய்ய மாட்டோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நம்பி எழுந்து வந்தார்கள். வெளியே கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்களின் குடும்பத்தைச் சாபம் பிடித்த குடும்பம் என்று ஊர் ஒதுக்கியது. தலைமுறை தாண்டியும் அந்தப் பேச்சு போகவில்லை. அதனால் செத்தவர்களுக்கு என்ன லாபம்? தெய்வ குற்றத்துக்குப் பயந்து மெனலாஸ் சொல் தவறமாட்டார் என்று நீங்கள் நினைத்தால், அந்தப் பயம் உங்களை எழுப்பிய பிறகு வேலை செய்யாது.

அதிகாரம் இல்லாதவர் கொடுக்கும் வாக்கு எப்படி முடியும் என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த பெண்ணே ஒருத்தி இருக்கிறாள், போர்ப் பங்காக அக்கிலீஸுக்குக் கிடைத்த பிரிசெயிஸ். அழாதே, உன்னை அக்கிலீஸின் முறைப்படியான மனைவியாக்கி ஃப்தியாவில் கல்யாண விருந்து வைக்கிறேன் என்று அக்கிலீஸின் நண்பர் பட்ரோக்லஸ் ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர், மனசார சொன்னார். அவருடைய பிணத்தின் மேல் விழுந்துதான் அவள் அதைச் சொல்லி அழுதாள். அக்கிலீஸோ தூதர்கள் முன்னால் அவளை மனைவி என்றே சொன்னார். அதே பேச்சில், ஊர் திரும்பினால் அப்பா பீலியஸ் எனக்குப் பெண் பார்ப்பார் என்றும் சொன்னார். அன்பு இருந்தது. அவளுக்கு உரிமை என்று ஒன்று இல்லவே இல்லை.

அதற்காகப் பையனை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. நிபந்தனை போடுங்கள். ஹெர்மியோனி வெளியே வரட்டும், இதே பலிபீடத்தின் முன் தெடிஸ் பேரில் சத்தியம் செய்யட்டும். கூடி நிற்கும் ஊர்ப் பெண்கள் சாட்சி. பையன் பீலியஸின் ஆள் கைக்குப் போன பிறகு மற்றதைப் பேசலாம். பையன் முதலில், நீங்கள் அப்புறம். அவர்கள் மறுத்தால் வாக்குறுதி பொய் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒப்புக்கொண்டால் நேரம் கிடைக்கும். உங்களுக்குத் தேவை நேரம்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹெர்மியோனியோடு வாதாடுவதை நிறுத்துங்கள். ஹெக்டரின் வேறு பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு நானே பால் கொடுத்தேன், உனக்கு அந்தப் பக்குவம் இல்லை என்று அவளிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையாக இருக்கலாம். பிள்ளையில்லாமல் துடிக்கிற பெண்ணிடம் அதைச் சொல்லி நீங்கள் வாதத்தில் ஜெயித்தீர்கள், அவள் பலிபீடத்துக்கு நெருப்பு வைப்பேன் என்கிறாள். உங்கள் பேச்சுத் திறமைதான் எதிர்த்தரப்புக்கு இப்போது பெரிய பலம்.

பீலியஸ் வந்து இந்தக் கண்டத்திலிருந்து தப்பித்தால், ராஜிக்குப் போங்கள். அந்த வீட்டில் பங்கு கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையை ‘நோதோஸ்’ என்கிறார்கள். அப்பா இருக்கும்வரை செல்லம், அப்பா போனதும் கதை மாறும். கிரீட்டில் காஸ்டர் என்ற செல்வந்தருக்கு விலைக்கு வாங்கிய பெண்ணிடம் பிறந்தவனின் கதையை ஒடிஸியஸ் சொல்வார். அப்பா மற்ற மகன்களுக்குச் சமமாக வளர்த்தார். செத்ததும் அண்ணன் தம்பிகள் சீட்டுப் போட்டுச் சொத்தைப் பிரித்துக்கொண்டு, அவனுக்கு ஒரு வீட்டையும் சொற்பத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். மெனலாஸுக்கே அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகன் உண்டு, மெகபென்தெஸ். ஊரறியக் கல்யாணம் செய்துவைத்தார். ஆனால் ஸ்பார்ட்டாக்காரர்கள் அரியணைக்கு அவனை ஒதுக்கிவிட்டு மெனலாஸின் அண்ணன் மகன் ஒரெஸ்டெஸைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே பங்கை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாகப் பையனைத் தன் வம்சம் என்று பீலியஸ் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். குடியிருக்க வேறு ஊர் கேளுங்கள். உங்கள் கொழுந்தனார் ஹெலெனஸும் நியோப்டோலெமஸோடு வந்தவர்தான். அவரோடு தனியாகக் குடித்தனம் போகும் வழி திறந்தால் தயங்காதீர்கள். ஹெக்டருக்குத் துரோகம் என்று நினைக்க வேண்டாம். நியோப்டோலெமஸுக்கு டெல்ஃபியில் ஏதாவது ஆகிவிட்டால், உங்களுக்கு இன்று இருக்கும் ஒரே பாதுகாப்பும் போய்விடும்.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் தங்கள் சொந்தத் தளபதி பௌசானியஸையே கோயிலுக்குள் வைத்து வாசலை அடைத்துப் பட்டினி போட்டவர்கள்.

பீலியஸுக்குப் பல தடவை ஆள் அனுப்பியும் பதில் இல்லை என்கிறீர்கள். என்ன சொல்லி அனுப்பினீர்கள்? ஆண்ட்ரோமாக்கியைக் கொல்லப் போகிறார்கள் என்றால் அது அவருக்கு ஒரு அடிமைப் பெண்ணின் செய்தி. இப்போது போகிற பெண்ணிடம் வேறு மாதிரி சொல்லி அனுப்புங்கள்: “உங்கள் கொள்ளுப்பேரன் கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அக்கிலீஸ் வம்சத்தில் இருக்கிற ஒரே பிள்ளை அவன்.”