பால்புதுமையினருக்கான மனநலச் சிகிச்சை: கேள்வி பதில்

முதலில் ஓர் எல்லைக்கோடு. நான் மதுரையில் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. மாத்திரை அளவைக் கேட்டால் மருத்துவரிடம்தான் போகச் சொல்வேன். தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரை அவர்களாகவே ஏற்றுக்கொண்டு மனநலச் சிகிச்சை தருவது எப்படி? அதுவே இன்றைய பொருள்.

திருச்சி, சிறிய மனநல மருத்துவமனை நடத்துபவர்: எங்கள் மருத்துவமனைக்கு இவர்கள் தயங்காமல் வரவேண்டும் என்று விரும்புகிறோம். வாசலில் வானவில் படம் ஒட்டிவிட்டோம். அடுத்து என்ன செய்யலாம்?

படம் இருக்கட்டும். உங்கள் பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு திருநம்பி வருகிறார். ஆதாரில் இன்னும் பழைய பெயர். தாடி வைத்த அவர் வராந்தாவில் உட்கார்ந்திருக்க, செவிலியர் கதவருகே நின்று "லட்சுமி... லட்சுமி யாரும்மா?" என்று உரக்கக் கூப்பிடுகிறார். எழுந்தால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். அவர் எழமாட்டார். அடுத்த அழைப்புக்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். உள்ளே இருக்கும் மருத்துவர் எவ்வளவு நல்லவர் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை.

ஆகவே படிவத்தில் இரண்டு இடம் விடுங்கள்: ஆவணத்தில் உள்ள பெயர், அழைக்க வேண்டிய பெயர். மருந்துச் சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் முதல் பெயர் தேவைப்படலாம். வராந்தாவுக்கு அது தேவையில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் சிக்கலே இல்லை. "கணவர்/மனைவி பெயர்" என்ற வரியை அடித்துவிட்டு, "உடன் வாழ்பவர் யார், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்" என்று கேளுங்கள். இந்தப் பயிற்சி மருத்துவருக்கு முன்னால் வரவேற்பாளருக்கும் காவலாளிக்கும் தரப்பட வேண்டும். கழிப்பறைக்கு வழி சொல்பவர் அவர்கள்தான்.

நான் எங்கே போனாலும் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: கைப்பேசி எண். நம் வீடுகளில் ஒருவருடைய கைப்பேசி ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை. "நாளை 11 மணிக்கு உங்கள் ஆலோசனை" என்று மருத்துவமனைப் பெயரோடு போகும் குறுஞ்செய்தியை அண்ணன் படித்துவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பெண் வரமாட்டாள். இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பலாமா, யார் பார்ப்பார்கள், எந்த நேரம் அழைக்கலாம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சேலம், ஒரு தந்தை: என் மகனுக்கு 22 வயது. ஆண்களைத்தான் பிடிக்கும் என்கிறான். கவுன்சலிங்கில் மாற்ற முடியுமா?

முடியாது ஐயா. நோய் இல்லாத இடத்தில் சிகிச்சை இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் எடுத்தது. மாற்றுகிறேன் என்று மருத்துவர் யாராவது சொன்னால் அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியிருக்கிறது. அதற்கு வழிவகுத்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூன் 7-இல் உத்தரவிட்டார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். நீங்களும் வாருங்கள். மகன் இல்லாமல், உங்களுக்காக. உங்கள் தூக்கம் போயிருக்கும். அதற்கு நிச்சயம் வழி உண்டு.

ஈரோடு, ஒரு தாய்: கல்யாணம் செய்துவைத்தால் என் மகள் சரியாகிவிடுவாளா?

மாட்டாள் அம்மா. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். மேலே சேலத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

சென்னை, மருத்துவ உளவியல் மாணவர்: மேடம், சிகிச்சையாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். 'ஏற்பு' என்பது ஒரு பக்கம் சாய்வதுதானே? "நான் மாறவேண்டும்" என்று வருபவரே கேட்டால் அவர் விருப்பத்தை மதிக்க வேண்டாமா?

இதற்காகத்தான் இன்று உட்கார்ந்தேன், தம்பி. உங்கள் அறைக்கு வருபவர் வீட்டில், வகுப்பில், விடுதியில், தொலைக்காட்சித் தொடரில் "நீ தப்பு" என்று கேட்டுக் கேட்டு வருகிறார். நீங்கள் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் உங்கள் மௌனத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் விளக்கிய சிறுபான்மை அழுத்தக் கோட்பாட்டைப் படியுங்கள். ஒதுக்கப்படுவது, ஒதுக்குவார்கள் என்று எந்நேரமும் அஞ்சுவது, மறைத்து வாழ்வது, ஊரின் வெறுப்பைத் தன் மீதே திருப்பிக்கொள்வது: துயரம் இவற்றிலிருந்து வருகிறது, ஈர்ப்பிலிருந்து அல்ல.

விருப்பம் என்கிறீர்கள். இல்லாத சிகிச்சையை விற்பது விருப்பத்தை மதிப்பது ஆகாது. "மாறவேண்டும்" என்பவரிடம், "மாறிவிட்டால் நாளைக் காலை வீட்டில் என்ன வேறாக இருக்கும்?" என்று கேளுங்கள். "அம்மா சாப்பிடுவார்கள்" என்பார். அங்கிருந்து தொடங்குங்கள்.

அதே மாணவர்: அப்படியானால், "நான் தன்பாலீர்ப்பாளனோ" என்று ஓயாமல் அஞ்சிக்கொண்டு எண்ணச் சுழற்சி நோயோடு (ஓ.சி.டி.) வருபவரையும் "ஆம், நீ அதுதான்" என்று ஏற்றுக்கொண்டு அனுப்பிவிடுவீர்களா?

மாட்டேன். "இல்லை, நீ அது இல்லை" என்றும் சொல்லமாட்டேன். அவர் நாள் முழுக்கத் தன் உடலைச் சோதிக்கிறார், இணையத்தில் தேடுகிறார், பத்துப் பேரிடம் உறுதி கேட்கிறார். எந்தப் பதிலும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அந்தச் சோதிக்கும் பழக்கத்தை நிறுத்தி, நிச்சயமின்மையோடு இருக்கப் பழக்குவதுதான் சிகிச்சை. ஏற்பது என்றால் முத்திரை குத்துவது அல்ல. ஆனால், "கவலைப்படாதே, அந்த அசிங்கமெல்லாம் உனக்கு இருக்காது" என்று தேற்றுகிறார்களே, அது நோயையும் வளர்க்கும். அடுத்த அறையில் காத்திருக்கும் தன்பாலீர்ப்பாளரையும் காயப்படுத்தும்.

கோவை, மூத்த மனநல மருத்துவர்: இது புதுப் பாணி. நான் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். யாருடைய படுக்கையறையையும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்பதில்லை ஐயா, உங்கள் படிவம் கேட்கிறது: "மனைவி பெயர்?" தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வருகிறார். பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைவர் பெற்றோர் வற்புறுத்தலில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். நீங்கள் கேட்காததால் அவர் "அறை நண்பர் ஊர் மாறிவிட்டார்" என்கிறார். கேஸ் ஷீட்டில் "சமீபத்திய இழப்பு: இல்லை" என்று எழுதுவீர்கள். மருந்தின் அளவைக் கூட்டுவீர்கள். ஒரே மாதிரி நடத்தியதில் கணவனை இழந்த பெண்ணுக்குக் கிடைத்த கனிவு இவருக்குக் கிடைக்கவில்லையே?

கோவை மருத்துவர்: எல்லாத் துயரத்துக்கும் இதையே காரணம் காட்டுவதும் தவறு.

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தைராய்டு குறைந்து சோர்ந்து கிடக்கும் திருநங்கைக்குத் தைராய்டைப் பாருங்கள். அடையாளத்தைப் பற்றி மூன்று அமர்வு பேசவேண்டாம்.

மாணவர்: பாடநூலிலேயே தவறாக இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது?

2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட மருத்துவக் கல்விக்கான வழிகாட்டுதலில் பெண் தன்பாலீர்ப்பை இயற்கைக்கு மாறான குற்றங்களோடு சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆகவே கேள்வி கேட்டால் பலன் உண்டு. மரிவாலா ஹெல்த் இனிஷியேடிவ் என்ற மனநல அமைப்பு நடத்தும் ஆலோசகர் பயிற்சியையும் பாருங்கள். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நெல்லை: ஹார்மோன் எவ்வளவு எடுக்கலாம்?

முதல் பத்தியைப் படியுங்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநருக்கென்றே பிரிவு உண்டு. கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளாதீர்கள்.

தஞ்சாவூர், பள்ளி ஆலோசகர்: 16 வயது மாணவன் தன் ஈர்ப்பைப் பற்றி என்னிடம் சொன்னான். பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமா?

அவனுக்கு யாரைப் பிடிக்கும் என்பது புகார் அல்ல. யாராவது அவனிடம் தவறாக நடந்திருந்தால் அது போக்சோ சட்டத்தில் வரும். காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். இரண்டையும் குழப்பாதீர்கள். வீட்டில் தெரிந்தால் அடி விழுமா, படிப்பு நிற்குமா, எந்த உறவினர் துணை நிற்பார் என்று அவனிடமே கேளுங்கள். பதிவேட்டில் எழுதும்போது அந்தப் பதிவேடு யார் மேசையில் இருக்கும் என்று யோசியுங்கள்.

புதுச்சேரி: என் துணைவியை மனநல மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், "நீங்கள் யார்?" என்று என்னை வெளியே நிறுத்துவார்களே?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 14. 18 வயது நிறைந்தவர் தன் பிரதிநிதியாக யாரையும் நியமிக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்; நியமிக்கப்படுபவரும் 18 வயது நிறைந்தவராக இருந்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நலமாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 18 சொல்கிறது.

ஓசூர், ஓர் அண்ணன்: தங்கையின் கவுன்சலிங் கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன். என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

இல்லை. உங்களுக்குக் கிடைப்பது ரசீது. நான் கைப்பேசி எண்ணைப் பற்றி ஏன் புலம்புகிறேன் என்று எல்லோருக்கும் இப்போது புரிந்திருக்கும்.

கரூர்: ஹிப்னாடிசத்தில் மாற்ற முடியுமா?

முடியாது.

வேலூர்: யோகாவில்?

யோகா முதுகுக்கு நல்லது.

விழுப்புரம், பெயர் வேண்டாம் என்றவர்: நல்ல ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது? போய் ஏமாந்தால் மறுபடி போகும் தைரியம் வராது.

'ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். பணம் கட்டுமுன் தொலைபேசியில் இரண்டே கேள்வி: "தன்பாலீர்ப்பாளர்களோடு வேலை பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டார் அழைத்தால் என்ன சொல்வீர்கள்?" இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். இப்போதே மனம் தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.