பழைய வயலுக்கு புது டிடெக்டரோட திரும்பப் போகலாமா?

கேள்வி இதான்: இங்கிலாந்துல கென்ட் பக்கம் ஒரு பண்ணை வயல்ல ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கி, கேரெட் ஏஸ் 250 மெட்டல் டிடெக்டர் வச்சு பழைய காசு நல்லா தேடியாச்சு, இப்ப எதுவுமே மாட்டல. புதுசா மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 டிடெக்டர் வாங்கியிருக்கேன், அதே வயலுக்கு மறுபடி போறது வேஸ்ட்டா?

வேஸ்ட்டே இல்லங்க, தாராளமா போங்க, ஆனா முழு வயலையும் மறுபடி நடக்காதீங்க. துருப்பிடிச்ச ஆணியா கத்துதேன்னு வெறுத்துப் போய் வேகமா தாண்டின இடம் ஒண்ணு இருக்கும்ல, நேரா அங்க போங்க. ஆணி அவ்ளோ கிடக்குன்னா முன்ன அங்க வீடோ கொட்டகையோ இருந்திருக்கலாம், ஆளுங்க பொழங்குன இடத்துலதானே காசும் விழும்.

உங்க பழைய மெஷின் 6.5 கிலோஹெர்ட்ஸ்ல மட்டும் ஓடுறது, பெரிய வெள்ளிக்காசுக்கு அது நல்ல மெஷின்தான். ஆனா மத்தியகால இங்கிலாந்துல சில்லறைக்காக வெள்ளி பென்னியையே பாதியா, காலா வெட்டிப் புழங்கினாங்க, முழுக் காசே ஒன்றரை கிராம்கூட வராது, அதுல கால் துண்டுன்னா எவ்ளோ சின்னதா இருக்கும் பாருங்க, அந்த ஃப்ரீக்வென்சிக்கு அது சரியா சிக்குறது கஷ்டம். ஈக்வினாக்ஸ் ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சி அனுப்புது, சின்னது மெல்லிசு எல்லாம் இப்பதான் கேக்கும்.

அதைவிட முக்கியமானது ரிகவரி ஸ்பீட், அதாவது ஒரு சிக்னல் முடிஞ்சு அடுத்ததைக் கேக்க மெஷின் தயாராகுற வேகம். ஆணியை சைலண்ட் ஆக்கிட்டு மெஷின் சுதாரிக்கிறதுக்குள்ள காயில் (தரைமேல ஆட்டுற வட்டத் தட்டு) பக்கத்துல இருந்த காசைத் தாண்டிடும், பழைய மெஷின்ல நீங்க விட்டதுல நிறைய இப்படித்தான் போயிருக்கும்னு நினைக்கிறேன். 800-ல அதை 6, 7-க்கு ஏத்துங்க, ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்ல. 6 இன்ச் காயில் கிடைச்சா இன்னும் நல்லது. இரும்புச் சத்தத்தை முழுசா மியூட் பண்ணாம, அதையும் கேட்டுட்டே ரொம்ப மெதுவா ஆட்டுங்க, அப்புறம் அதே இடத்தை குறுக்கால ஒருதடவை. ஒரு பக்கம் மட்டும் லேசா நல்ல டோன் வந்தாலும் தோண்டிடுங்க.

போற நேரமும் பாருங்க. உழுது, மழை பெஞ்சு மண்ணு இறுகின பிறகு போனா சிக்னல் நல்லா வரும், செங்குத்தா நின்ன காசும் உழவுல புரண்டிருக்கும்.

கிடைக்கிற ஒவ்வொண்ணுக்கும் இடத்தை ஜிபிஎஸ்ல குறிச்சு வைங்க ப்ளீஸ், இடம் தெரியாத காசுக்கு பாதி வரலாறு போச்சு. 300 வருஷத்துக்கு மேல பழசான வெள்ளிக்காசு ரெண்டு சேர்ந்து விழுந்ததா கிடைச்சா அது 1996 ட்ரெஷர் சட்டப்படி ட்ரெஷர், அதாவது புதையல், 14 நாளுக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், உங்க கவுண்டி ஃபைண்ட்ஸ் லயசான் ஆபிஸரை (மக்கள் கண்டெடுக்கிற பழம்பொருளைப் பதிவு பண்ற அதிகாரி) பிடிச்சா அவரே வழி சொல்லுவாரு.