முழு உடம்பையும் படம் எடுத்தாலும் உள்ளங்காலைத் தனியாகப் பார்க்க வேண்டும்

கேள்வி: எனக்கு 46 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். சிறுவயது முதலே முதுகிலும் கைகளிலும் மச்சங்கள் அதிகம். மெல்பேணில் இருக்கும் அண்ணா, மெலனோமா என்ற தோல் புற்றுநோயைத் தேடுவதற்காக முழு உடம்பையும் கமராக்களால் படம் எடுத்துக்கொண்டாராம். "இங்கே வரும்போது நீயும் ஒருமுறை எடுத்துவிடு" என்கிறார். எக்ஸ்றே போல இதிலும் கதிர் படுமா? ஒருமுறை எடுத்தால் போதுமா? கொழும்பில் இருந்தபடியே என்ன செய்யலாம்? வலது குதிக்காலிலும் ஒரு கறுப்பு அடையாளம் ஒரு வருடமாக இருக்கிறது. செருப்புக் கடித்தது என்று விட்டுவிட்டேன்.

மருத்துவர் பதில்: குதிக்காலில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். செருப்பு உரசி உள்ளே இரத்தம் கசிந்தால் கறுப்பாகத் தெரிவது உண்மைதான். ஆனால் தோல் வளர வளர அது மேலே வந்து சில வாரங்களில் உதிர்ந்துவிடும், ஒரு வருடம் நிற்காது. உங்களுடையது சாதாரண மச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்களைப் போன்ற மாநிறத் தோலில் மெலனோமா வருவது அரிது. என்றாலும் வந்தால், அது அடிக்கடி தேர்ந்தெடுக்கும் இடங்கள் உள்ளங்காலும் உள்ளங்கையும் நகத்தடியும்தான். வெயிலுக்கும் இந்த வகைக்கும் பெரிய தொடர்பு இல்லை. 1981இல் இறந்த பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரலில் தொடங்கியதும் இதே வகை.

இதைப் பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. தோல் வைத்திய நிபுணரின் கையில் இருக்கும் டேர்மோஸ்கோப் போதும். சுமார் 10 மடங்கு பெருக்கிக் காட்டும், உள்ளே விளக்குள்ள சிறிய கண்ணாடி அது. உள்ளங்கால் தோலில் மேடும் பள்ளமும் மாறி மாறிக் கோடுகளாக ஓடும். மேட்டின் நடுவே சின்னச் சின்ன வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவை வியர்வைத் துளைகள். கறுப்பு அந்தப் பள்ளங்களில் மெல்லிய கோடாக ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். வெண்புள்ளி உள்ள மேட்டின் மீது பட்டையாகப் படிந்திருந்தால் பயொப்சி, அதாவது வெட்டி எடுத்துப் பரிசோதிப்பது, செய்யத்தான் வேண்டும். இரண்டிலும் சேராமல் குழப்பமாக இருந்தால் அளவைப் பார்ப்போம்: 7 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் பயொப்சி, அதற்குக் குறைவென்றால் படம் எடுத்து வைத்து 3 முதல் 6 மாதத்தில் மறுபடி பார்ப்பது.

பாதத்தில் தாமதம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நோயை வேறொன்றாக எண்ணிக்கொள்வது. கால் ஆணி என்று கடையில் வாங்கிய பிளாஸ்டரை மாதக்கணக்கில் ஒட்டுவார்கள், பிளேடால் சீவுவார்கள். சலரோகம் உள்ளவர் என்றால் சலரோகப் புண் என்றே மருந்து கட்டிக்கொண்டு போவார்கள். சில மெலனோமாக்களில் கறுப்பே இராது; இளஞ்சிவப்பாக, ஈரக்கசிவுடன், தொட்டால் இரத்தம் வரும் சதை போல இருக்கும். ஒழுங்காக மருந்து கட்டியும் ஆறு வாரத்துக்கு மேல் ஆறாத பாதப் புண் எதுவானாலும் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.

இனி அண்ணா சொன்ன விஷயம். அதில் எக்ஸ்றே இல்லை, கதிர்வீச்சு எதுவும் இல்லை. பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். வெக்ட்ரா என்ற முப்பரிமாண இயந்திரத்தில் 92 கமராக்கள் ஒரே கணத்தில் படம் எடுக்கும். உள்ளாடையுடன் கைகளைச் சற்று விரித்து நிற்க வேண்டும். கணினி அந்தப் படங்களை ஒட்டி உங்கள் உடம்பின் உருவத்தைத் திரையில் நிறுத்தி, மச்சங்களைக் குறித்து, அளவையும் கணக்கிடும். சந்தேகமானவற்றை வைத்தியர் டேர்மோஸ்கோப்பால் தனித்தனியே படம் எடுத்துச் சேர்ப்பார். இந்த வசதி இல்லாத இடங்களில் சாதாரண கமராவால் 20, 25 நிலைகளில் எடுப்பதும் நல்ல முறைதான்.

முதல் நாள் எடுத்த படம் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அடுத்த முறை எடுக்கும் படத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பெறுமதி. மெலனோமாக்களில் சுமார் 70 சதவீதம் பழைய மச்சத்தில் இருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாகத் தோன்றுகின்றன. நூறு மச்சம் உள்ள முதுகில் நூற்றியோராவது எது என்று கண்ணால் சொல்ல முடியாது, பழைய படம் இருந்தால் சொல்லலாம். ஆகவே மெல்பேணில் ஒருமுறை எடுத்துவிட்டு, திரும்ப அங்கே போகும் எண்ணம் இல்லையென்றால் பணம் வீண் என்பதே என் கருத்து. எடுத்தே தீருவதென்றால், முழுத் தரத்தில் படங்களைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நின்றபடி எடுக்கும் படத்தில் உள்ளங்கால் வராது. தலைமயிருக்குள், விரல் இடுக்குகள், மார்பின் அடிமடிப்பு, உள்ளாடை மறைக்கும் இடம், வாய்க்குள் எதுவும் வராது. அவுஸ்திரேலியாவில் வெள்ளைத் தோலர்களுக்கு முதுகும் காலும்தான் பெரிய கவலை, அதற்கு இது பொருந்தும். உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடத்தையே அது விட்டுவிடுகிறது.

இந்தப் படமெடுப்பு உண்மையில் பயன்படுவது, ஏற்கெனவே மெலனோமா வந்தவர்கள், நூற்றுக்கு மேல் மச்சம் உள்ளவர்கள், ஒழுங்கற்ற மச்சங்கள் பல உள்ளவர்கள், நெருங்கிய உறவினர் பலருக்கு இந்த நோய் வந்தவர்கள், சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு. மற்றவர்களுக்கு நட்டமும் உண்டு. வயதோடு வரும் கபில நிறப் பருக்களையும் முகத்தில் எங்களில் பலருக்கு இருக்கும் சின்னக் கறுப்புப் பருக்களையும் கணினி விடாமல் எண்ணும். பயத்தில் தேவையில்லாமல் வெட்டுவார்கள். நெஞ்சிலும் தோளிலும் வெட்டினால் தழும்பு தடித்துக் கீலொய்ட் ஆவது எங்கள் தோலில் சாதாரணம்.

ஓர் எச்சரிக்கை: "ஃபுல் பொடி ஸ்கான்" என்று மட்டும் கேட்டால் தனியார் இடங்களில் சி.ரி. (CT) ஸ்கான் என்று விளங்கிக்கொள்ளலாம். அதில் கதிர் படும். தோல் மச்சத்துக்கு அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

வீட்டிலேயே படம் எடுத்து வைக்கலாம். அதற்கு இன்னொருவர் வேண்டும். பகல் வெளிச்சம் வரும் யன்னலுக்குப் பக்கத்தில், வெறும் சுவருக்கு முன் நில்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், எங்கள் தோலில் அது பளபளத்து நிறத்தை மறைத்துவிடும். முழுகி எண்ணெய் பூசிய நாளில் எடுக்காதீர்கள், பவுடரும் வேண்டாம். மருதாணி போட்டிருந்தால் அழிந்த பிறகு எடுங்கள். கைத்தொலைபேசியில் முகத்தை அழகாக்கும் வசதியை நிறுத்துங்கள், அது மச்சத்தையே அழித்துவிடும். முதுகை நான்கு பகுதியாகப் பிரித்து எடுங்கள். உள்ளங்கால், விரல் இடுக்கு, நகங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம். கவலை தரும் மச்சத்துக்குப் பக்கத்தில் மில்லிமீற்றர் உள்ள அடிமட்டத்தை வைத்து, ஒரு சாண் தூரத்தில் இருந்து எடுங்கள். வைத்தியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம்.

ஒப்பிடும்போது எல்லா மச்சமும் ஒரு சாயலில் இருக்க, ஒன்று மட்டும் வேறு குடும்பத்துப் பிள்ளை போல நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லாதது, ஓரம் கிழிந்தது போல இருப்பது, இரண்டு மூன்று நிறம் கலந்திருப்பது, 6 மில்லிமீற்றரைத் தாண்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக மாறிக்கொண்டே இருப்பது ஆகியவை காட்ட வேண்டிய அடையாளங்கள். உங்கள் வயதில் புதிதாக முளைக்கும் மச்சத்தையும் காட்டிவிடுங்கள்.

நகத்தில் பல விரல்களில் மெல்லிய கபிலக் கோடுகள் இருப்பது எங்களுக்கு இயல்பு. ஒரே விரலில் மட்டும், 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு பரவினால் தாமதிக்க வேண்டாம். அடிபட்ட இரத்தம் என்றால் நகத்தோடு முன்னே நகரும், பின்னால் சுத்தமான நகம் வளர்ந்து வரும். கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும், கால்விரல் நகம் சுமார் 1 மில்லிமீற்றர்தான். மாதம் ஒரு படம் எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

உங்களுக்கு அருகில் களுபோவிலை வைத்தியசாலை இருக்கிறது, தேசிய வைத்தியசாலையும் தூரமில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். செலவில்லை. காத்திருக்க நேரமில்லை என்றால் தோல் வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணலாம். டேர்மோஸ்கோப்பால் பார்ப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அழகு நிலையத்தில் சுடுவது, லேசர் அடிப்பது, சுண்ணாம்பு வைப்பது வேண்டவே வேண்டாம். பரிசோதிக்கத் துண்டே மிஞ்சாது.

வெட்ட வேண்டி வந்தால், முடிந்தவரை அடையாளம் முழுவதையும் சுற்றிலும் சுமார் 2 மில்லிமீற்றர் சேர்த்து, கொழுப்புப் படை வரை எடுப்பார்கள். மேலாகச் சீவினால் நோயின் ஆழத்தை அளக்க முடியாமல் போகும். அறிக்கையில் மெலனோமா என்று வந்தால் பிரெஸ்லோ ஆழம், அதாவது நோய் தோலுக்குள் இறங்கிய ஆழம், எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். 1 மில்லிமீற்றருக்குள் இருந்தால் வழக்கமாக 1 சென்ரிமீற்றர் ஓரத்துடன் மறுபடி வெட்டுவார்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அந்தக் கட்டத்தில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

குதிக்காலை இந்த வாரமே காட்டுங்கள். போகும்போது கால் நகங்களின் பூச்சைத் துடைத்துவிட்டுப் போங்கள், பத்து நகங்களையும் சேர்த்தே பார்த்துவிடுவார்கள்.